பதினான்கு கல்லும் ஒரு சோடியும்

வங்காளத்து நிலக்கரி வயல்களில் ஒரு பருவம் முழுக்கச் சுற்றிவிட்டு, பதினான்கு மணற்பாறைத் துண்டுகளோடு தூத்துக்குடி மாமனார் வீட்டில் வந்து இறங்கினேன். கலியாணமாகி ஆறு மாதம். நிலக்கரிக்கு நடுவே கிடக்கும் மணற்பாறை அடுக்குகளைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தி, பெயரிட்டு, நிலவியல் துறையில் என் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவற்றில் ஓர் அடுக்கை அதுவரை யாரும் குறித்ததில்லை. அது தென்பட்ட ஓடையின் பெயரையே அதற்கு வைத்திருந்தேன். நான் பெயரிட்ட பாறை புத்தகத்தில் ஏறப்போகிறது என்ற நினைப்பில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் துறைமுகம் வரை போய்விட்டு வந்தால், பதினான்கு கல்லும் முற்றத்து வெயிலில் பளிச்சென்று காய்கின்றன. கரி அப்பியிருக்கிறதே என்று என் மனைவி சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நான் ஒட்டியிருந்த எண் சீட்டுகள் தண்ணீரோடு போய்விட்டன. வீடே அதிரக் கத்தினேன்.

பிறகு குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு, பருமணல், பொடிமணல், காக்காப்பொன் மின்னுவது, கரிக்கோடு ஓடுவது என்று ஒவ்வொன்றாக இனம் பிரித்தேன். பன்னிரண்டு அகப்பட்டன. ஐந்தாம் எண்ணும் பதினோராம் எண்ணும் மட்டும் பிடிகொடுக்கவில்லை. பதினொன்றுதான் என் புது அடுக்கு.

அவள் முத்து வியாபாரி மகள். கம்மலுக்கு முத்துச் சோடி சேர்ப்பது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. இரண்டு கல்லையும் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். சோடி," என்றாள்.

"ஏளா, ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு அடுக்கு கிடக்கு."

"கிடக்கட்டும். எது எதுன்னு உங்களுக்கே தெரியலையே."

அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டின் மூலையையும் உடைத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். மணலுக்கு மணல் ஒன்றாகவே இருந்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இடையில் நிலம் பிளந்து நழுவியிருக்கிறது. ஒரே அடுக்கு இரண்டு இடத்தில் தலைகாட்டியிருக்கிறது. அழாத குறையாக ஓடையின் பெயரை அடித்தேன்.

அறிக்கையில் அந்தச் சோடியைக் கண்டுபிடித்தது யாரென்று இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அதெல்லாம் எழுதும் வழக்கமில்லை என்றேன். அறிக்கையைப் படி எடுக்கும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது. கண்டுபிடித்தது என் மனைவி என்று அவள் பெயரோடு ஒரு வரி சேர்த்தேன்.

மூன்று வாரத்தில் மேலதிகாரியிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. என் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே எண் ஒட்டாத இருபது கல். மேலே எனக்கு ஒரு துண்டுக் காகிதம்: "முதலில் உம் மனைவி பார்க்கட்டும்."

மூடியைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தேன். பெட்டியே அவள் பெயருக்குத்தான் வந்திருந்தது.