மேப்பிள் அல்ல, பாஸ்வுட்

சிவகுரு மோசம் போயிட்டார் என்று அவருடைய மைத்துனர் தொலைபேசியில் சொன்னபோது, நான் அவருக்கு எழுதிய நான்காவது கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அதிலும் அதே விஷயம்தான். மனிதர் ஒன்றுக்கும் பதில் போடாமலே செத்துப்போய்விட்டார்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் இருவரும் ஒரே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தோம். பூச்சி சேர்ப்பது எங்கள் பொழுதுபோக்கு; அவற்றைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நூலகத்துப் புத்தகங்களை நான் அகராதியோடு வாசித்தேன். அவர் படம் மட்டும் பார்த்தார். கேட்டால், "ஐசே, பூச்சி இங்கிலிசிலயே பறக்குது?" என்பார்.

1994 ஜூனில், டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நூலால் தைத்தது போலச் சுருண்ட இலையொன்றைக் கண்டேன். பாஸ்வுட் மரம். உள்ளே பச்சைப் புழு. சிவகுரு அதை பிஸ்கட் ரின்னில் வீட்டுக்குக் கொண்டுபோய், என்னைக் கேளாமல், கட்டட வாசலில் நின்ற மேப்பிளின் இலையைப் போட்டு வளர்த்தார். புழு அதையும் தின்று, கூட்டுப்புழுவாகி, நகத்தளவு மஞ்சள் அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. இலைசுருட்டி இனம், புத்தகத்தில் அதைப் பற்றி இரண்டே வரி.

அதை ஊசியில் குத்தி, அடியில் விபரச் சீட்டும் வைத்தார். 'மேப்பிள்' என்ற சொல்லைக் கண்டதும் நான் மேற்கொண்டு வாசிக்கவில்லை. புழுவைக் கண்ட மரத்தை எழுதும் என்றேன்.

"கண்டது நீர், சாப்பாடு போட்டது நான். திண்ட இலையைத்தான் எழுதுவன்."

பின்னால் தேடி வருகிறவன் பிழையான மரத்தைப் பார்ப்பானே என்றேன். இரண்டு மரத்தையும் பார்க்கட்டும் என்றார். பூச்சி சேகரிப்பவர்கள் பழைய சீட்டைக் கழற்றுவதில்லை. திருத்தத்தை இன்னொரு சீட்டில் எழுதி அதன் கீழே குத்துவார்கள். அதையாவது செய்யும் என்றுதான், அவர் மகனோடு விட்பி நகருக்குப் போன பிறகு நாலு கடிதம் எழுதினேன்.

செத்த வீட்டில் அவர் மனைவி அந்தப் பூச்சி இருந்த பெட்டியை என் கையில் தந்தார். "நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. உங்கட சண்டை முழுக்க உதுக்குள்ளதான் கிடக்கு."

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு அந்தச் சீட்டை முழுக்க வாசித்தேன். மேப்பிள். கண்டெடுத்தவர் என்று என் பெயர். தன் பெயரை அவர் எங்குமே எழுதவில்லை. அதுவும் பிழைதான்.

அவருடைய சீட்டை நான் கழற்றவில்லை. அதே ஊசியில், அதன் கீழே என்னுடையதைக் குத்தியிருக்கிறேன்: 'கண்ட மரம் பாஸ்வுட். வளர்த்தவர் சிவகுரு.' பெட்டி என்னிடம் இருக்கிறது.