அண்ணி வந்த விமானம்

விமான நிலையத்தில் வேலை என்றதும், "அந்தக் கண்ணாடிக் கோபுரத்துலயா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. கோபுரத்தில் இருப்பவர்கள் ஓடுபாதையைக் கவனிப்பவர்கள். அவள் உட்கார்ந்திருப்பது அதற்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில். எதிரே ரேடார் திரை, காதில் ஹெட்செட், எலும்பு வரைக்கும் இறங்குகிற ஏசி. எத்தனையோ வருடமாக விமானங்களை இறக்குகிறாள். வேலை நேரத்தில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

எட்டுத் திக்கிலிருந்தும் பாய்ந்து வருகிற விமானங்களை, வேகம் குறைக்கச் சொல்லி, திருப்பி, வளைத்து, ஓடுபாதைக்கு நேராக ஒரே வரிசையில் கோத்துவிடுவதுதான் அவள் வேலை. நெருங்கி வந்தால் ஆபத்து. ரொம்பத் தள்ளி வந்தால் பின்னால் வருகிறவர்கள் காத்துக் கிடக்க வேண்டும். பெரிய விமானத்தின் முதுகுக்குப் பின்னால் சின்னது வந்தால் காற்றுச் சுழலில் மாட்டிக்கொள்ளும், அதற்குத் தனி இடைவெளி. வரிசையில் முண்டுகிற பைலட்டுகளை அவள் அடக்குகிற தோரணையைப் பார்த்து, அறையில் எல்லோரும் அவளை ஹெச்.எம். என்றே கூப்பிட்டார்கள்.

அன்று காலை செருப்பை மாட்டும்போது கணவர் வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர், சாதுவான மனுஷன்.

"அக்கா மத்தியான பிளேன்ல வருது. கொஞ்சம் பாத்துக்கோ."

"என்னத்தப் பாத்துக்கிறது?"

"சீக்கிரமா எறக்கி விட்டுடேன். அதுக்கு முட்டி வலி. ரொம்ப நேரம் உக்கார முடியாது."

"டாக்டர் சீட்டு இல்லாம சொந்த மாமாவுக்கே மாத்திரை தர மாட்டேன்னவர்தானே நீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவர் கடைச் சாவியைத் தேடப் போய்விட்டார்.

மத்தியானம் எல்லாமே சேர்ந்து வந்தது. இருக்கிற இரண்டு ஓடுபாதையில் ஒன்றில், இறங்கிய சரக்கு விமானத்தின் டயர் வெடித்து அது நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. போதாதென்று மேற்கே இடி மேகம் திரண்டது. மேகத்துக்குள் நுழைய மாட்டேன் என்று ஒவ்வொரு பைலட்டும் அடம்பிடித்தார். அது நியாயம்தான். ஆனால் சுற்றிப் போக எல்லோருக்கும் ஒரே சந்துதான் மீதி இருந்தது.

வேறு வழியில்லாமல், வந்தவர்களை ஆகாயத்தில் ஓர் இடத்தில் வட்டமடிக்க வைத்தாள். ஒருவர் தலைக்கு மேல் ஒருவர், நடுவில் ஆயிரம் அடி. அடித்தட்டில் இருப்பவரை வெளியே எடுத்து வரிசையில் சேர்த்தால், மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கலாம். இறங்கலாம் என்பதற்குள் எல்லோருக்கும் ஆயிரம் கேள்வி. இன்னும் எவ்வளவு நேரம்? எனக்கு முன்னால் எத்தனை பேர்? அடித்தட்டில் இருந்தவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இதையே கேட்டார். அது கணவரின் அக்கா, அவளுடைய அண்ணி, வருகிற விமானம்.

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று, "எப்படிம்மா போகுது?" என்றார்.

"நின்னு பேசுற மாதிரி போகலை சார்."

அவர் சத்தமில்லாமல் நகர்ந்தார்.

அண்ணியின் விமானத்தை வெளியே எடுக்க அவள் வாய் திறந்த நேரம், மேல்தட்டிலிருந்து வேறொரு குரல் வந்தது. பயணி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுந்துவிட்டார், உடனே இறங்க வேண்டும். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. அந்த விமானத்தைப் பக்கவாட்டில் விலக்கி, மற்றவர்களுக்கு எட்டாத தூரத்தில் கீழே கொண்டுவந்து, வரிசையின் தலையில் வைத்தாள். அதற்கு இடம் விட, வந்துகொண்டிருந்த இரண்டு விமானங்களைத் திரும்பவும் சுற்றி வரச் சொன்னாள். அண்ணியின் பைலட்டை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள்.

காத்திருக்க எரிபொருள் இல்லை, பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குப் போகிறேன் என்றார் அவர். போக வேண்டிய திசையைச் சொல்லி அனுப்பினாள். அந்தப் புள்ளி திரையில் வடக்கே நகர்ந்து போவதை ஒரே ஒரு தடவை பார்த்தாள். மாலையில் வீட்டில் நடக்கப் போவது அப்போதே தெரிந்துவிட்டது.

இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்தால், திரை முழுக்க வீட்டு அழைப்புகள். கூப்பிட்டாள். கணவர் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அக்காவை எங்கயோ கொண்டுபோய் எறக்கிட்டாங்களாம்."

"நான்தான் அனுப்புனேன்."

"ஏம்மா, வேற பிளேனே கெடைக்கலையா உனக்கு?"

வைத்துவிட்டாள். அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டியவர் மழையில் மாட்டிக்கொண்டதால், அவளே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியதாயிற்று. மேகம் கலைந்தது, சரக்கு விமானத்தை இழுத்துப் போட்டார்கள். எரிபொருள் நிரப்பிக்கொண்டு அண்ணியின் விமானம் திரும்பி வந்தபோது வரிசையில் நாலாவதாக இருந்தது. நாலாவதாகவே இறக்கினாள்.

வீட்டுக்குப் போனால், அண்ணி சோபாவில் காலை நீட்டி, முட்டியில் வெந்நீர்ப் பை வைத்திருந்தார். கணவர் தண்ணீர் செம்போடு பக்கத்தில் நின்றார்.

"வாம்மா. உன் புண்ணியத்துல ரெண்டு ஊர் பாத்தாச்சு."

"அண்ணி, ஒருத்தங்க நெஞ்சு வலியில மயங்கிட்டாங்க. அவங்களை முதல்ல எறக்க வேண்டியிருந்தது."

"அதை எங்க கிட்ட யாராவது சொன்னாங்களா? மூணு மணி நேரம் உள்ளயே உக்கார வெச்சு, ஒரு டம்ளர் தண்ணி குடுத்தான். எனக்குப் பக்கத்துல இருந்தவரு உங்க ஆபீசை என்னெல்லாம் திட்டுனாரு தெரியுமா? நானும் கூடச் சேந்து திட்டுனேன். அது நீன்னு தெரியாது." வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தார். "தெரிஞ்சிருந்தாலும் திட்டியிருப்பேன்."

கணவர் சிரிக்கப் பார்த்து, இருவர் முகத்தையும் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"சரி, அவங்க பொழச்சாங்களா?" என்றார் அண்ணி.

"தெரியாது அண்ணி. எறங்கினதும் வேற ஆளு பொறுப்பு. எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க."

"கேக்கணும்னு தோணலையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்தடுத்து வந்த விமானங்கள், மேகம், சூப்பர்வைசர் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய், கோபுரத்தில் இருந்த தோழியைக் கூப்பிட்டாள். தோழி தரைப் பணியாளர்களைக் கேட்டு, அவர்கள் ஆம்புலன்ஸ்காரரைக் கேட்டு, தகவல் வரும்வரை இவள் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்தாள். போன் அடித்தது. வயதான ஒரு பெண்மணி. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கண் திறந்து, தன் கைப்பையைக் கேட்டாராம்.

அந்த அறையில் உட்கார்ந்த காலத்தில் இப்படி ஒரு சேதி அவளுக்கு வந்ததே இல்லை. மடித்த துணியை மார்போடு பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

உள்ளே வந்து சொன்னாள்.

"ம்," என்றார் அண்ணி. "கைப்பை கேட்டாங்கன்னா தேறிடுவாங்க." பிறகு வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தார். கோபம் தணிந்ததென்று நினைத்து அவள் சமையலறைக்குத் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, உனக்கு இந்த வாரம் லீவு என்னிக்கு?"

"வியாழக்கிழமை அண்ணி. எங்கயாவது போகணுமா?"

"ஊருக்குத் திரும்பணும்ல," என்றார் அண்ணி. "தம்பி, வியாழக்கிழமைக்கே டிக்கெட் போடு."