மேலுமலை ஏற்றத்தில் என் ஜெர்மன் கார்

பழைய ஜெர்மன் கார் வாங்கலாமா, நம்ம ரோட்டுக்குத் தாங்குமா, வைத்துக் காப்பாற்றக் கட்டுப்படியாகுமா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் 1993-ல், ஆயுத பூஜைக்கு மறுநாள், ஓசூரிலிருந்து நாகரசம்பட்டி போய்த் திரும்பிய கதையை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை பரபரக்கிறது, அதற்கு நான் பொறுப்பல்ல.

அப்போது ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டி எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கு புஷ், பின் கடைந்து கொடுக்கிற வேலை. மெஷின்கள் என் பொறுப்பு, கல்லாப்பெட்டி என் மனைவி ஜமீலாவின் பொறுப்பு. அந்த வருஷம்தான் பெங்களூரில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு தோல் வியாபாரியிடமிருந்து அந்தக் காரை வாங்கினேன். பத்து வயசுக்கு மேலான டீசல் வண்டி, கரும்பச்சை நிறம். கதவைச் சாத்தினால் ‘தொப்’ என்று ஒரே ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வீட்டு வாசலில் நின்று நாலு தடவை கதவைத் திறந்து சாத்துவேன். ஜமீலா ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. அந்தப் பணத்துக்கு ஒரு மில்லிங் மெஷின் வாங்கிப் போட்டிருக்கலாம். வாங்கிய நாலே மாதத்தில் ஹீட்டர் பிளக் ஒரு செட் மாற்றினேன், பின்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டும் மாற்றினேன். இதற்கெல்லாம் பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்கு நடையாய் நடந்தேன். என் சகலை பஷீர், அதாவது ஜமீலாவின் அக்கா கணவர், நாகரசம்பட்டியில் மாங்காய் வியாபாரி. அவருக்கு அந்தக் கார் மேல் கண். “சும்மா குடுக்க வேணாம் சகலை. வாங்குன வெலைக்கு மேல தர்றேன்” என்று மூன்று முறை சொல்லிவிட்டார். ஜமீலா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு பயணம். அக்கா வூட்டுக்குப் போயி வருவோம். யாரும் தள்ளாம, கயிறு கட்டி இழுக்காம, மெக்கானிக் கை வைக்காம வண்டி நம்ம வாசலுக்கு வந்துடுச்சுன்னா, அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். நடுவுல மக்கர் பண்ணுச்சுன்னா மச்சானுக்குக் குடுத்துடணும்” என்றாள்.

ஒத்துக்கொண்டேன். அன்று இரவு வண்டியை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை. பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது.

பயணத்துக்கு முதல் நாள் ஆயுத பூஜை. ஓசூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பூஜை கிடையாது, ஆனால் பட்டறையில் ஆட்கள் செய்வார்கள். நான் பொரி, கடலை, பழம், பூ எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்து ஓரமாக நின்று பார்ப்பேன். அந்த வருஷம் ஃபோர்மன் முனிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்கு ஜெர்மன் கார் வந்திருக்கிறதே! லேத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து முடித்துவிட்டு நேராகக் காருக்கு வந்தார். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. நடுவில், என் முழங்கை தடிமனில், கிரில் முழுக்க மறையும்படி நாலு சுற்று சாமந்தி மாலை. மஞ்சள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று மாலைக்குப் பின்னால் ஒரு பெரிய தலைவாழை இலையை விரித்துக் கட்டியிருந்தார்.

“எப்படி இருக்குது பாய்? மாப்பிள்ளை மாதிரி இல்லீங்களா?” என்று கேட்டார். நிஜமாகவே மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது.

அடுத்த நாள் காலை கிளம்பும்போது மாலையை அவிழ்த்துவிடலாமா என்று ஜமீலா கேட்டாள். எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பக்கம் பூஜைக்குக் கட்டிய மாலையை யாரும் அவிழ்ப்பதில்லை, அதுவாகக் காய்ந்து விழுகிற வரைக்கும் லாரியும் பஸ்ஸும் அதோடுதான் ஓடும். அதிலும் நான் பாய். ஆட்கள் ஆசையாகக் கட்டியதை முதலாளி பாய் மறுநாளே பிய்த்துப் போட்டார் என்று ஆகிவிடக் கூடாது. “இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு” என்றேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அப்போது இரண்டே வழிச் சாலைதான், எதிரில் லாரி வந்தால் மண்ணில் இறங்கவேண்டும். ஆனால் அந்த வண்டி போன போக்கை என்னவென்று சொல்வது! பள்ளத்தில் விழுந்தால் நமக்குத் தெரியாது, வண்டி தானே வாங்கிக்கொள்ளும். சூளகிரியில் டீ குடித்தோம், ஓசூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து மேலுமலை இறக்கத்தில் விட்டேன் பாருங்கள், இன்ஜின் முணுமுணுப்பதுகூடக் கேட்கவில்லை. எட்டேகாலுக்குக் கிருஷ்ணகிரி. ஊருக்குள் சந்தைக் கூட்டத்தில் மெதுவாக நகர்ந்தபோது எப்போதும் எண்பது டிகிரியில் நிற்கிற வெப்பமானி முள் அதைத் தாண்டி ஒரு நூல் ஏறியது. ஓசூரை விடக் கிருஷ்ணகிரி சூடான ஊர்தானே என்று விட்டுவிட்டேன். காவேரிப்பட்டினம் வழியாக நாகரசம்பட்டி போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. மொத்தம் எழுபத்து மூன்று கிலோமீட்டர்.

தெருவே வந்து நின்றது. வாழைக்கன்றும் சாமந்தியுமாக ஒரு வெளிநாட்டுக் கார் பாய் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து, “நிக்காஹா, பூஜையா?” என்று பக்கத்து வீட்டுக் கவுண்டர் கேட்டுச் சிரித்தார். சகலை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மத்தியானம் பிரியாணி சாப்பிடும்போதும் அவர் பார்வை வாசலில்தான். நாங்கள் கிளம்பும்போது அவரும் கையில் ஒரு பையோடு பின் சீட்டில் ஏறினார். பையில் மாற்றுத் துணி. “நானும் ஓசூர் வர்றேன் சகலை. நாளைக்குக் காலையில நானே ஓட்டிக்கினு திரும்பிடறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சிரித்தேன்.

மூன்று மணிக்குப் புறப்பட்டு நாலு மணிக்குக் கிருஷ்ணகிரியைத் தாண்டினோம். இனிமேல்தான் ஏற்றம். கிரானைட் பாளம் ஏற்றிய ஒரு லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை. முள் எண்பதிலிருந்து நகர்ந்தது. தொண்ணூறு. நூறு. நான் பேச்சை மாற்றிப் பார்த்தேன். ஜமீலா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலுமலை ஏற்றம் பாதி ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது, பானெட் ஓரத்தில் ஆவி எட்டிப் பார்த்தது. சாலையோரம் ஒரு டீக்கடை வந்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கண் கலங்கியது.

பானெட்டைத் திறந்ததும் ஊரே மெக்கானிக் ஆனது. சகலை வாட்டர் பம்ப் என்றார். “தெர்மோஸ்டாட் சார்” என்றார் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர். ஒரு கன்னட லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, “ஹெட் ஹோகிதே சார், ஹெட் போயிருச்சு” என்று இரண்டு பாஷையிலும் தீர்ப்புச் சொன்னார். இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் என்றால் பம்பாயிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும். எல்லோரும் வண்டியின் வயிற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம். பேசிப் பேசி முடியாமல், சூடு ஆறட்டும் என்று பானெட்டைச் சாத்திவிட்டுக் கடையின் பின்பக்கம் நிழலில் போய் உட்கார்ந்தோம்.

“சூளகிரிக்கு ஆள் அனுப்பி மெக்கானிக்கக் கூட்டியாரலாம்” என்றார் சகலை, ரொம்ப அக்கறையாக.

“மெக்கானிக் கை வைக்கக் கூடாது. ஆறுனதும் தண்ணி ஊத்தி எடுப்பேன். அதுக்கும் கேக்கலைன்னா வண்டி உங்களுது” என்றேன். ஜமீலாவின் முகத்திலும் சந்தோஷம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். முன்பக்கமிருந்து ஒரு பெண் கத்துகிற சத்தம். ஓடினோம். ஏழெட்டு ஆடுகள் காரின் முன்னால் பந்தி உட்கார்ந்த மாதிரி நின்றிருந்தன. சாமந்தி மாலையில் நார் மட்டும் தொங்கியது. தலைவாழை இலை போன இடம் தெரியவில்லை. வாழைக்கன்று இரண்டும் மொட்டையாக நின்றன. ஆடு மேய்க்கிற அம்மா குச்சியோடு ஓடி வந்து, “அய்யோ சாமி, ஒரு நிமிசம் அசந்துட்டேனுங்க. பூசை மாலைய இதுங்க தின்னுபோட்டுச்சே! பாவமாயிடுமே, என்னா பண்ணுவேன்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பரவால்லம்மா, விடுங்க” என்றேன். முனிராஜுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் என் கவலை.

ரேடியேட்டர் ஆறிவிட்டது. கடைக்காரரிடம் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி மெதுவாக ஊற்றினேன். சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. மறுபடி ஏற்றம், மறுபடி ஒரு பார லாரி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். எண்பது. மேலுமலை உச்சி. எண்பது. இறங்கி மறுபடி ஏறினோம். எண்பதிலேயே நங்கூரம் போட்ட மாதிரி நின்றது.

“ஹெட் போயிருந்தா இப்படி ஓடுமா?” என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அந்த ஏற்றத்துக்கும் இந்த ஏற்றத்துக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது? தண்ணீர் ஊற்றியதை விட்டால் ஒன்றே ஒன்றுதான். ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தேன், ஹாரன் அலறியது. “இலை! ஜமீலா, அந்தத் தலைவாழை இலை! ரேடியேட்டருக்குக் காத்தே போகாம வண்டி மூக்கைப் பொத்தி வச்சிருக்கோம்!”

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சூளகிரி வரும்வரை நிறுத்தவில்லை. மாலையைக் கட்டியது முனிராஜ், அவிழ்க்காமல் விட்டது நான், பாடுபட்டது பாவம் அந்த ஜெர்மன்காரன் செய்த வண்டி.

பின் சீட்டில் சகலை விடவில்லை. “அதெப்படி? வண்டி வழியில நின்னுச்சா இல்லையா? ஆடு வந்து ரிப்பேர் பண்ணித்தானே ஓடுது? மெக்கானிக் கை வைக்கக் கூடாதுன்னு பேச்சு.”

“ஆட்டுக்கு ஏது மச்சான் கை? வாய்தான் வச்சுது” என்றாள் ஜமீலா. பிறகு என் பக்கம் திரும்பி, “என்னங்க லாரிக்குப் பின்னாடி உருட்டிக்கிட்டு? தாண்டுங்க” என்றாள்.

நாலு மாதமாகக் கதவுப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தவள் சொன்னது அது. மிதித்தேன். கரும்பச்சை வண்டி, மொட்டை வாழைக்கன்று இரண்டும் ஆட, லாரியைத் தாண்டிப் பறந்தது. ஆறேகாலுக்கு எங்கள் வாசல். யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. சகலை மாற்றுத் துணியை மாற்றிக்கொண்டு, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டு, காலையில் பஸ் ஏறினார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த வண்டியை ஒன்பது வருஷம் வைத்திருந்தேன். ஹைவேயில் லிட்டருக்குப் பதிமூன்று, பதினாலு கிலோமீட்டர் கொடுத்தது. அப்போது டீசல் ஏழு ரூபாய்க்குப் பக்கம், போய் வந்த செலவு எண்பது ரூபாய்க்குள் முடிந்தது. இன்ஜின் ஒருநாளும் கைவிடவில்லை. கைவிட்டதெல்லாம் சில்லறைச் சாமான்கள்: ரப்பர் புஷ், ஹோஸ், ஹீட்டர் பிளக். அவை விலையும் அதிகம், கிடைப்பதும் தாமதம். எனக்கு லேத் இருந்ததால் உலோகப் புஷ்களை நானே கடைந்துகொண்டேன். உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷச் செலவுக்கென்று எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். இன்ஜின் ஆயில் மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மலை ஏறும்போது சாலையை எவ்வளவு பார்க்கிறீர்களோ அவ்வளவு முள்ளையும் பாருங்கள். அது ஏறினால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் வண்டியின் முகத்தைப் பாருங்கள். லாரி நெரிசல் பிடிக்காதவர்கள் ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் வரலாம், சாலை சின்னது, ஆனால் கண்ணுக்குக் குளுமை.

மறுநாள் பட்டறையில் முனிராஜிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். “ஆடு தின்னுச்சா? நல்லதுதாங்க பாய், வாயில்லா ஜீவன் வயிறு நெறஞ்சுதே” என்றார். இலை செய்த வேலையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் முனிராஜ் தோளில் ஒரு முழுத் தலைவாழை இலையோடு காரை நோக்கி வந்தார். அந்த இலை எங்கே போய் உட்காரப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் ரூமிலிருந்து ஜமீலா இறங்கி வந்தாள்.

“முனிராஜண்ணே, இந்தத் தடவ மாலைய வண்டிக்குப் பின்னாடி கட்டுங்க” என்றாள். “நாம எல்லாரையும் தாண்டிப் போறோம் இல்ல, பின்னாடி வர்றவங்களும் பாக்கட்டும்.”