மேலக்காட்டில் யாரும் இல்லையாம்

வேம்பார் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே ஒன்றரை மைல் நடந்தால் மேலக்காடு. இன்றைக்கு அங்கே மிளகாய்ப் பழம் சிவந்து கிடக்கிறது. எண்பத்தாறில் செல்வதுரை வந்து இறங்கியபோது சீமைக்கருவேல முள்ளும் ஓணானும்தான் இருந்தன. நாசரேத்தில் பனங்காட்டுப் பங்கை விற்று, மனைவி ஜெபசெல்வியின் சங்கிலியையும் கழற்றி விற்று இந்த ஒன்பது ஏக்கர் முள்ளை வாங்கியவரைப் பார்த்து ஊரே சிரித்தது. "ஏலே, ஓணான் வளக்கப் போறியோ?" என்று கேட்டார்கள். சிரிக்கட்டும்! அவர் மண்வெட்டியை எடுத்தார்.

கருவேலத்தை ஒழிப்பதென்ன லேசுப்பட்ட வேலையா? மேலே வெட்டினால் கீழே துளிர்க்கும் சனியன் அது. தூரோடு தோண்டவேண்டும். ஒரு தூருக்கு அரைநாள் என்று மூன்று வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் தோண்டினார்கள். கிணறு இரண்டு வெட்டி, இரண்டிலும் வாயில் வைக்கமுடியாத உப்பு. மூன்றாவது கிணற்றுத் தண்ணீரில் சோறு பொங்கி ஒரு வாய் தின்றதும் ஜெபசெல்வி அழுதுவிட்டாள்.

அந்த வருஷ ஐப்பசியில், பதினொரு மாதப் பிள்ளை ரேச்சலுக்குக் காய்ச்சல். மூன்று நாள் விடாத மழை, ஓடையில் வெள்ளம், பஸ் இல்லை. பிள்ளை போய்விட்டது. கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை, குருவானவர் வரவும் வழியில்லை. காட்டிலேயே குழி தோண்டினார்கள். கூட இருந்தது தம்பி தேவதாசன். பதினெட்டு வயது, வாத்தியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் முழங்கால் சேற்றில் நின்று அடக்க ஜெபத்தை வாசித்தான். தலைமாட்டில் வேப்பங்கன்று நட்டவனும் அவனே. அன்றிலிருந்து தம்பி என்ன சொன்னாலும் செல்வதுரைக்கு வேதவாக்கு.

தேவதாசனுக்கு வேலை கிடைத்ததும் சாத்தான்குளத்தில் பெண் பார்த்தார்கள். வாத்தியார் குடும்பம். மாப்பிள்ளையின் குணத்தைச் சபையில் விசாரிப்பார்கள், சொத்தைப் பத்திரத்தில் விசாரிப்பார்கள். "பையன் பேருல என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்க, செல்வதுரை காபி டம்ளரைக் கீழே வைக்காமலே, "மேலக்காடு அவன் பேருலதான்" என்றார். பச்சைப் பொய். அதை மெய்யாக்க மறுவாரமே போய்த் தம்பிக்குத் தானமாக எழுதியும் கொடுத்தார்.

"கல்யாணம் முடியட்டும்ண்ணே, மறுநாளே திருப்பி எழுதித் தாரேன்" என்றான் தேவதாசன்.

"நான் சொல்லுதேன்னு கோவப்படாதீங்க, கையோட வாங்கிருங்க" என்றாள் ஜெபசெல்வி.

"ஏளா, நம்ம பிள்ளைக்கு ஜெபம் வாசிச்சவன் அவன். அவங்கிட்டப் போயி பத்திரம் கேக்கச் சொல்லுதியா?"

அந்த மறுநாள் முப்பது வருஷமாக வரவில்லை. கேட்டால் தம்பியைச் சந்தேகப்பட்டதாகும் என்று இவர் கேட்கவும் இல்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுகிறவரை யார் தூக்கிவிட முடியும்?

போன மாதம் சூரிய மின்சாரக் கம்பெனி ஆட்கள் வந்து மிளகாய்க்கு நடுவே முளை அடித்தார்கள். "யாரு காட்டுல யாருலே முளை அடிக்கது?" என்று செல்வதுரை பாய்ந்தார். அவர்கள் பத்திர நகலை நீட்டினார்கள். தேவதாசன் விற்றுவிட்டான்.

இளைய மகள் ஜெப்ஸிதான் வாசித்துச் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள்.

"வாசி" என்றார் செல்வதுரை.

"மேற்படி நிலத்தில் கல்லறையோ, அடக்கம் செய்த இடமோ ஏதும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்."

கீழே தேவதாசனின் கையெழுத்து, முத்து முத்தாக. ஜெபசெல்வி எழுந்து போய் வேம்படியில் உட்கார்ந்தாள். நிலம் போனது செல்வதுரைக்கு வயிற்றில் அடித்த அடி. இந்த வரியை அவரால் தாங்கவே முடியவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவன்கூட இப்படி எழுதமாட்டான்.

அப்படியே தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். அங்கே தலைமை ஆசிரியராக இருக்கும் தேவதாசன், "வாண்ணே, சாப்பிடு" என்றான்.

"நிலத்தை வச்சுக்கலே. அந்த ஒரு வரியை மட்டும் மாத்து. பிள்ளை அங்கன இருக்குன்னு எழுது. வேம்பைச் சுத்தி ஒரு சென்ட் விடச் சொல்லு."

"அப்படி எழுதினா கம்பெனி வாங்கமாட்டாண்ணே. வருஷம் எத்தன ஆச்சு, இனிமே அங்கன என்ன இருக்கப்போவுது? மனசத் தேத்திக்கோ. நான் ஒனக்காக ஜெபிக்கேன்."

செல்வதுரை வாசற்படியில் நின்று திரும்பினார். "ஏலே, அன்னைக்கு மழையில நின்னு யாருக்குலே ஜெபம் வாசிச்ச?"

தேவதாசன் தலையைக் குனிந்துகொண்டான். வரியை மாற்றுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் மேலக்காட்டுக்குத் திரும்பியபோது ஜெபசெல்வி வேம்படியை விட்டு அசைந்திருக்கவில்லை. "என்ன சொன்னாரு?" என்றாள்.

"இங்கன யாரும் இல்லியாம்ளா."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் இருக்கேம்லா. முளை அடிக்கவன நாளைக்கு வரச்சொல்லுங்க."

செல்வதுரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.