ஆட்கள் சாப்பிட்ட பிறகு

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைக்கூட நான் முடிக்கவில்லை. பனியன் கம்பெனியில் டைலருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தவன், சொந்தக் கம்பெனி போட்டு மங்கலம் ரோட்டில் கட்டடமும் கட்டினேன். பெரிய பெரிய வெளிநாட்டு பையர்கள் என் ஆபீசில் காத்துக்கிடந்து ஆர்டர் கொடுத்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மறதி நோய் முற்றியதால் என் மனைவியைத் தாராபுரம் ரோட்டில் இருக்கும் இல்லத்தில் சேர்த்தோம். அதற்கென்றே இருக்கிற இடம். யார் அறை எது என்று தெரிய ஒவ்வொரு கதவிலும் அவரவர் போட்டோ ஒட்டியிருக்கும். காலையில் பந்தை உருட்டி விளையாட விடுவார்கள். மத்தியானம் கூடத்தில் வரிசையாக மேசை போட்டுச் சாப்பாடு.

சேர்த்த அன்றே சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். “எங்கூட்டம்மாவுக்கு மொதல்ல வெச்சுட்டுத்தான் மத்தவங்களுக்கு வெக்கோணும். நான் யாருன்னு ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க.” அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கம். “சரிங்கய்யா” என்றாள். சொன்னபடியே செய்தாள்.

கொஞ்ச நாளில் என் மனைவி சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

“இன்னைக்கும் வாயத் தொறக்கலய்யா. ஊட்டுனா துப்புதாவ” என்றாள் சிஸ்டர். விழுங்கவே மறந்துபோயிருக்கலாம், இப்படியே போனால் மூக்கு வழியாக டியூப் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். டியூப் போட்டால் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவார்களாம். அந்தக் கையைக் கட்டுவதா?

விட்டேனா நான்! பெரிய மெஸ்ஸிலிருந்து கேரியர் கேரியராகக் கொண்டுபோனேன். இனிப்புக்கு ஒப்பிட்டு, அப்புறம் கம்மஞ்சோறு, பள்ளிபாளையம் சிக்கன். எதையும் அவள் தொடவில்லை. பக்கத்து மேசையில் முன்பு கோன் நூல் வியாபாரம் பார்த்த பாய் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தினமும் கேட்பார்: “என்ன மொதலாளி, அவங்கதான் சாப்புடலையே, இந்தப் பக்கந்தான் தள்ளுங்களேன்!” தள்ளினேன். சிக்கன் தீர்ந்த பிறகு, “மொதலாளி, உங்களுக்கு ஆர்டர் புடிக்கத் தெரியும், சோறூட்டத் தெரியாது” என்றார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் கேரியர் இல்லாமல் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சிஸ்டர் வழக்கம்போல முதல் தட்டை இவள் முன்னால் வைத்தாள். இவள் அதைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு மேசையையும் பார்த்தாள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு மேசையிலும் தட்டு இல்லை. சிஸ்டரிடம் திரும்பிச் சொன்னாள்: “ஏனுங்க, ஆளுக ஒருத்தருமே இன்னும் சோறு உங்கலை. அதுக்குள்ள எனக்கு வெச்சா எப்படீங்க?”

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில் ஆட்களுக்கு இவள்தான் சமைத்துப் போடுவாள். கடைசி ஆள் கை கழுவிய பிறகுதான் இவள் உட்காருவாள். எனக்கு ஆபீசுக்குள் தனிச் சாப்பாடு.

“மத்தவங்க எல்லாருக்கும் வெய்யுங்க” என்றேன். வைத்தார்கள். அவள் கைகட்டி நின்று பார்த்தாள். பாய் மோர் குடித்து முடிக்கும் வரை அசையவில்லை. எல்லோரும் எழுந்ததும் உட்காருவாள் என்று பார்த்தால், நேராக என்னிடம் வந்தாள்.

“புது ஆளுங்களா?”

என்னை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய் வெகுநாள் ஆகிறது. “ஆமாங்க” என்றேன்.

“வெறும் வயித்தோட எப்படீங்க மிசின்ல உக்காருவீங்க? மொதல்ல சோறு உண்ணுங்க.”

பாய் சிரித்தார். “உக்காருங்க மொதலாளி, அம்மா சொல்றாங்கல்ல!”

உட்கார்ந்தேன். சிஸ்டர் தட்டு வைத்தாள். அன்று பீர்க்கங்காய்க் கூட்டு, அதிலும் உப்பு கம்மி. பீர்க்கங்காயை நான் இத்தனை வயதில் தொட்டதில்லை. அதை ஓரமாக ஒதுக்கினேன். அவள் நகரவே இல்லை, என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் வழித்துத் தின்றேன். கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரசத்தைக் கேட்டு வாங்கி, தானே பிசைந்துகொண்டிருந்தாள்.

டியூப் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் மத்தியானம் நான் அங்கேதான் சாப்பிடுகிறேன்.