டொக்டரின் காருக்குச் சில்லுத் தேடியவன்

சங்கிலியைப் பற்றி எழுதுவதென்றால் எனக்கு வயிறு எரியும். எரிந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நெளுக்குளத்தில் அவனை என்னளவு கவனித்தவர்கள் வேறு யாருமில்லை. பதினாறு வருடமாக என் டயர் கடைக்கு நேர் எதிரே, வேப்பமரத்தின் கீழே, தகரக் கொட்டில் போட்டுச் சைக்கிள் திருத்துகிறான்.

என் கடையில் டயர் கழற்றும் மெஷின் இருக்கிறது. 'செல்வநாயகம் வீல் சென்ரர்' என்று வெளிச்சப் பலகை இருக்கிறது. அவனிடம் இருப்பது ஸ்பானரும் குறடும் கிடக்கும் ஒரு ஆயுதப் பெட்டி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கைப்பம்பு. ஆனாலும் வவுனியா ரவுணிலிருந்து வரும் மோட்டார் சைக்கிள்காரர்கூட கோணல் சில்லைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி அவனிடம் போகிறார்கள். சில்லைச் சுழல விட்டு, காதைக் கொடுத்துக் கேட்பான். எந்தக் கம்பியை முறுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எனக்கு மெஷின் சொன்னால்தான் தெரியும்.

சின்ன வயதில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு இங்கே வந்தவன். எங்கள் ஆட்களுக்குக் குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்தது. அவனுடைய ஆட்கள் அந்த வயல்களில் கூலிக்கு நின்றார்கள். அதனாலோ என்னவோ, என்னைவிட மூன்று வயது மூத்தவனை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டுப் பழகினேன். அவன் என்னை 'அண்ணே' என்பான்.

போன ஐப்பசியில் பல் டொக்டர் நிரஞ்சன் லொறியில் ஒரு கார் கொண்டுவந்து என் வாசலில் மரக்கட்டைகளின் மேல் இறக்கினார். 1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் இருக்கக்கூடிய, பதிந்த ஸ்போர்ட்ஸ் கார். எல்லாம் இருந்தது, சில்லு மட்டும் இல்லை.

"செல்வமண்ணை, தை மாசம் யாழ்ப்பாணத்துக்குப் பழைய கார் ஊர்வலம் போகுது. கார் அந்தக் காலத்தில எப்பிடி வந்ததோ அப்பிடியே இருக்கோணுமாம். சரியான சில்லுப் பிடிச்சுத் தாற ஆளை என்ர பக்கத்துச் சீற்றில வைச்சுக் கூட்டிக்கொண்டு போவன்," என்றார்.

அந்தச் சீற்றைப் பார்த்தேன். சிவப்புத் தோல். ஏ-9 வீதியில், கூரை திறந்த காரில், சனம் பார்க்க நான் போவதை அந்த இடத்திலேயே கண்டுவிட்டேன். உடனே போனை எடுத்துப் பளபளக்கும் கம்பிச் சில்லுப் படங்களைக் காட்டினேன்.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் கம்பிச் சில்லுதான் டொக்டர். கொழும்பில எடுக்கலாம்."

"கம்பியெண்டால் சங்கிலியண்ணையையும் ஒருக்கால் கேப்பம்," என்று அவர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

சங்கிலி வந்தான். நான் சீற்றைப் பார்த்தேன். அவன் குந்தியிருந்து சில்லுப் பூட்டும் ஹப்பைப் பார்த்தான்.

"இது கம்பிச் சில்லு காரு இல்லைங்க டொக்டர். அதுன்னா ஹப்பு பூரா பல்லு பல்லா இருக்கும், நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டு. இதுல நாலு போல்ட்டுதான் இருக்கு. தகட்டுச் சில்லோடதான் கம்பெனியில இருந்து வந்திருக்கு. அதுல சுத்திவர வட்ட ஓட்டை இருக்கும். ரயரும் ரேடியல் வேணாம். அந்தக் காலத்து ஒடுக்கமான நைலோன் ரயர், 5.60–15."

பல் டொக்டருக்கே பல்லுக் கதை சொல்கிறான்! "உனக்கெங்க இதெல்லாம் தெரியும்?" என்று வெடுக்கெனக் கேட்டேன்.

"கிளிநொச்சி கராச்சில ரெண்டு வருசம் நின்னேங்க அண்ணே. சண்டையில பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில காரு ஓடின காலம். எத்தனை காரு கழட்டியிருப்பேன்!"

"தகட்டுச் சில்லை இப்ப எங்க தேடுறது?" என்று டொக்டர் கேட்டார்.

சங்கிலி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். "தேடிப் பாப்போங்க."

வட்ட ஓட்டை, நாலு போல்ட். அப்படியான சில்லு இரண்டில்தான் நெல் ஏற்றும் எங்கள் லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினின் இழுவைப் பெட்டி ஓடுகிறது. வீட்டுக் கொட்டிலில் இன்னும் இரண்டு கிடக்கின்றன. சண்டைக் காலத்தில் யாரோ உடைத்த காரின் இரும்போடு என் தகப்பனார் வாங்கியவை. வாயைத் திறந்திருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் சங்கிலி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், சீற்றும் அவனுக்குப் போய்விடும். போனைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் போனேன்.

அதன் பிறகு சங்கிலி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அக்கராயன், புதுக்குடியிருப்பு என்று பழைய இரும்புக் கடைகளில் தேடினான். அவன் வெறுங்கையோடு வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஹப்பை மாற்றிக் கம்பிச் சில்லே போடலாம் என்று டொக்டரின் காதில் ஓதிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு மத்தியானம் மனைவி விமலேஸ்வரி சோறு போட்டபடி கேட்டாள்: "சங்கிலியண்ணை தேடுறது எங்கட பெட்டிச் சில்லு மாதிரியெல்லோ இருக்கு? போன வருசம் நீங்கள் கொழும்பில நிண்ட நேரம் அவர்தானே அதுக்கு ரியூப் ஒட்டினவர். உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லையே?"

கையைக் கழுவிவிட்டு நேரே அவன் கொட்டிலுக்குப் போனேன்.

"எங்கட வீட்டில சில்லு இருக்கெண்டு தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"உங்க பொருளுங்க அண்ணே. நீங்க சொல்லாம நான் எப்படிச் சொல்றது? மாசியில அறுவடை. பெட்டிக்குச் சில்லு இல்லாட்டி நெல்லை எப்படி ஏத்துவீங்க? அதான் வேற எங்கயாச்சும் கெடைக்குமான்னு பாத்தேன்."

நான் பொறாமையில் மறைத்தேன் என்று அவன் நினைக்கவே இல்லை. நெல்லுக்காக மறைத்தேன் என்று நினைத்து, எனக்காக ஊர் ஊராய் அலைந்திருக்கிறான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே நாலு சில்லையும் டொக்டரிடம் கொடுத்தேன்; நெல்லுக்கு வாடகைப் பெட்டி பிடிக்கலாம். அவர் கொழும்பிலிருந்து நைலோன் டயர் எடுப்பித்தார். சங்கிலி துரு தேய்த்து, வெள்ளிப் பெயின்ற் அடித்து, தன் கையாலேயே பூட்டினான்.

"அப்ப சீற் ஆருக்கு?" என்று டொக்டர் சிரித்தார்.

"சில்லு அண்ணனோடது. அண்ணன்தான் போகணும்," என்றான் சங்கிலி.

இல்லை, நீ போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏறி இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த ஞாயிறு காலை கார் என் கடை வாசலிலிருந்து புறப்பட்டது. சனம் கூடி நின்று படம் எடுத்தது. நான் சங்கிலிக்குக் கை காட்டினேன். அவன் என்னைக் காணவில்லை. வீதியோரம் குந்தியிருந்து, தலையைச் சரித்து, சில்லுகள் சீராகச் சுற்றுகின்றனவா என்று கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். சிவப்புத் தோல் சீற்றில் இருந்துகொண்டு, யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை நான் அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பொறாமைப்பட்டேன்.