பின்சீட்டுக் காற்றுவழி

ஒவ்வொரு சர்வீஸிலும் பின்சீட்டை ஒட்டிய காற்றுவழியைத் திறந்து, அதன் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். என் ஹைபிரிட் காரின் கையேடு அப்படித்தான் சொல்கிறது. ‘வேண்டும்’ என்றால் என்ன பொருள் என்பது அரசு அலுவலகத்தில் தலை நரைத்த எனக்குத் தெரியும். யாராவது செய்திருப்பார்கள் என்று பொருள்.

அந்தக் காரை வாங்கியதே அண்ணனுக்காக. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டரோடு அவரை எங்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேற்ற முடியாது. வாடகைக் கார்க்காரர்கள் சிலிண்டரைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டார்கள். ஆகவே பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டினேன்.

இந்த வகைக் காரில் பெரிய பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எட்டுப் பத்து ஆண்டு உழைக்கும், சிலருக்கு அதற்கு மேலும். மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைத்தால் ஆயுள் குறையும். வெயிலில் நிறுத்தினாலும் குறையும். ஆனால் அதைக் கொல்வது சூடுதான். காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை ஒரு சிறு ஃபேன் அந்தக் காற்றுவழியாக இழுத்து அதற்குக் கொடுக்கிறது.

நான்காம் ஆண்டில், எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்கிற பழைய சுரங்கத்துப் பக்கம் எச்சரிக்கை விளக்கு எரிந்து கார் நின்றது. பெங்களூர் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போனார்கள். மெக்கானிக் காற்றுவழியின் மூடியைக் கழற்றி, நாலாக மடித்த ஒரு துண்டை வெளியே எடுத்தார். தூசி ஏறி அட்டையாகியிருந்தது. எங்கள் வீட்டுத் துண்டு.

எங்கள் ஊரில் இதைச் செய்யாதவர் இல்லை. சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிய சைனைட் மேட்டிலிருந்து காற்று கிளம்பினால் ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றையும் ஈரத்துணியால் அடைப்போம். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டேன். மாஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சொன்னார்:

“ஆமா, நான்தான் வெச்சேன். சீட்டாண்ட உஸ்ஸுன்னு சத்தம். டம்ப் தூசி உள்ள வருதுன்னு அடைச்சேன். இன்னாடா இப்போ?”

“அது காத்தை வெளிய வுடலண்ணா, உள்ள இழுக்குது. பேட்டரிக்கு அதான் மூச்சு.”

“அதுக்குமா?” என்றார். அண்ணி சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உரிமையாளரின் தவறு, உத்தரவாதம் செல்லாது என்றது கம்பெனி. துண்டு இரண்டு சர்வீஸ்களைக் கடந்து அங்கேயே இருந்திருக்கிறது, விதிப்படி ஒருவர் மூடியைத் திறந்திருந்தால் கையில் கிடைத்திருக்கும் என்று எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்றார்கள். சொந்தச் செலவில் மாற்றலாமென்றால், ஆய்வு முடியும்வரை பேட்டரியில் யாரும் கை வைக்கக் கூடாதாம், அதுவும் விதி. புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

இடையில் அண்ணனுக்கு மூச்சு மோசமானது. ராபர்ட்சன்பேட்டை டாக்டர் பார்த்துவிட்டு, பெங்களூருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கார் அதே பெங்களூரில், சர்வீஸ் சென்டரின் பின்புறம், வெயிலில் நின்றது. ஆம்புலன்ஸ் வெகு தாமதமாக வந்தது. பங்காரப்பேட்டையைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது.

சர்வீஸ் குறைபாடு உறுதியானதால் பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாகவும், காரை எடுத்துக்கொள்ள நான் நேரில் வர வேண்டும் என்றும் கம்பெனி எழுதியது. அந்தப் பதில் வந்தது, அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று.